ஒரே அகலம், பத்து மடங்கு அடி

ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்து வீட்டில், மேசை மேல் இரண்டு பித்தளைத் தோட்டா உறைகள் இருக்கும். காலி உறைகள்தான். ஒன்று நடுவிரல் நீளம். அடித்தட்டில் 375 என்று பொறித்திருக்கிறது. அவருடைய தாத்தா காட்டெருமைக்கு வைத்திருந்த ரைபிளுடையது. இன்னொன்று சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், .22. அது முயலுக்கு.

இந்த எண், குழலின் விட்டம். .22 என்பது அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, சுமார் 5.6 மி.மீ. .375 என்றால் 9.5 மி.மீ. வித்தியாசம் நாலு மில்லிமீட்டர்தான். அப்புறம் எப்படி ஒன்று முயலுக்கும், இன்னொன்று ஆயிரம் கிலோ வரை வளரும் காட்டெருமைக்கும்?

.223 என்ற தோட்டாவைப் பார்த்தால் விளங்கும். அதன் குண்டும் .22 குண்டும் அகலத்தில் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் .22 குண்டு 2.6 கிராம், வினாடிக்கு 330 மீட்டர் வேகம். .223 குண்டு 3.6 கிராம், வேகமோ 990 மீட்டர். ஆற்றல் கணக்கில் எடை ஒரு தரம் வரும், வேகமோ இரண்டு தரம் பெருக்கப்பட்டு வரும். வேகம் மும்மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. அதனால் .22-க்கு 140 ஜூல், .223-க்கு 1,700 ஜூலுக்கு மேல். உறையில் எவ்வளவு வெடிமருந்து அடைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். எண் அதைச் சொல்லாது.

சரி, வேகம்தான் எல்லாம் என்றால் .223-ஐக் கொண்டே காட்டெருமையைச் சுடலாமே? கூடாது. லேசான குண்டு அவ்வளவு வேகத்தில் தடித்த தோளில் மோதினால் மேலாகவே சிதறிவிடும். நெஞ்சுக்குள் போகாது. காயம்பட்ட காட்டெருமைக்கு முன்னால் நிற்பதைவிட மோசமான இடம் மலையில் வேறில்லை. .375 குண்டு 19 கிராமுக்கு மேல். வேகம் 770 மீட்டர்தான், ஆனாலும் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். ஆற்றல் 5,700 ஜூல்: ஐம்பது கிலோ அரிசி மூட்டையை நாலு மாடி உயரத்திலிருந்து போட்ட மாதிரி. அதே உயரத்திலிருந்து .22-க்குச் சமமாகப் போட வேண்டியது ஒன்றேகால் கிலோ கல். முயலுக்கு அது போதும்; .223-ஆல் அடித்தால் குழம்புக்குக் கறி மிஞ்சாது.

பன்னிரண்டு போர் (bore) இரட்டைக்குழல் துப்பாக்கி இந்தக் கணக்கில் சேராது. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று வைத்த பெயர் அது. அதனால் எண் ஏற ஏறக் குழல் சிறுத்துப்போகும்.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டெருமை வேட்டைக்கு இடமில்லை. தாத்தாவும் அந்த ரைபிளை அதிகம் தொட்டவரில்லையாம். குண்டு முன்னால் போகும் உந்தம், அதே அளவுக்குத் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். முதல் தரம் மரப்பலகையில் சுட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் வலது தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.