போட்டிக்கு இந்த போகிமான் கார்டு தேறுமா?

ஒரு போகிமான் கார்டைக் கையில் எடுத்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் பார்ப்பது எச்.பி. எண் (அது தாங்கும் அடியின் அளவு), டேமேஜ் எண் (அது கொடுக்கும் அடியின் அளவு), மினுமினுப்பு. இவைதான் பெரிதாகக் கண்ணில் படும்படி அச்சாகியிருக்கின்றன. ஆனால் போட்டியில் அந்தக் கார்டு தேறுமா என்பதற்கான பதில் பொடி எழுத்தில் இருக்கிறது. தாக்க எத்தனை எனர்ஜி (தாக்குதலுக்காகப் போகிமானோடு ஒட்டிவைக்கும் கார்டு) வேண்டும், அதைச் சேர்க்க எத்தனை சுற்று ஆகும், அது வீழ்ந்தால் எதிராளி எத்தனை பிரைஸ் கார்டு (வீழ்த்தியவர் பரிசாக எடுப்பது, ஆறையும் எடுத்தவருக்கு வெற்றி) எடுப்பார் என்று பார்க்க வேண்டும். இதைப் படிக்காமல் ஒற்றைக் கார்டில் ஆயிரக்கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு, முதல் போட்டியிலேயே பிள்ளை சோர்ந்துபோவது தவிர்க்கக்கூடிய ஒன்று.

1999-இல் ஆங்கிலத்தில் வந்த பேஸ் செட் சாரிசார்டை எடுத்துக்கொள்வோம். சேகரிப்பாளர்கள் கொண்டாடும் கார்டு. 120 எச்.பி., ஃபயர் ஸ்பின் தாக்குதலுக்கு 100 டேமேஜ். அந்தக் காலத்துக்கு இரண்டுமே பெரிய எண்கள். ஆனால் ஃபயர் ஸ்பினுக்கு 4 எனர்ஜி வேண்டும். கையிலிருந்து ஒரு சுற்றுக்கு ஒரு எனர்ஜி கார்டுதான் ஒட்டலாம். அடித்த கையோடு 2 எனர்ஜி கார்டைக் கழித்தாக வேண்டும். போதாததற்கு இது ஸ்டேஜ் 2, அதாவது இரண்டு முறை வளர்ந்த போகிமான். சார்மாண்டரில் தொடங்கிப் படியேறி வர வேண்டும்.

அப்போது போட்டிகளில் ஓங்கியிருந்தது ஹேமேக்கர் என்ற டெக் (ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு). அதில் இருந்த ஹிட்மான்சான், எலக்டபஸ், ஸைத்தர் எல்லாமே நேரடியாக மேசையில் இறங்கும் பேசிக் போகிமான். வளரக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஹிட்மான்சானின் ஜாப், ஒரே எனர்ஜியில் 20 டேமேஜ். இரண்டு அடியோடு, அடியில் 10 கூட்டும் பிளஸ்பவர் கார்டு ஒன்று சேர்ந்தால் 50. அந்தச் சார்மாண்டரின் எச்.பி. சரியாக 50. சாரிசார்டுக்கு ஃபைட்டிங் வகை அடியில் 30 குறைக்கும் எதிர்ப்பு இருக்கிறது, உண்மைதான். அந்த எதிர்ப்பு உதவுவதற்கு முதலில் அது மேசைக்கு வந்து சேர வேண்டுமே! தப்பித்து வந்தாலும் எனர்ஜி ரிமூவல், சூப்பர் எனர்ஜி ரிமூவல் என்ற கார்டுகள் ஒட்டிவைத்த எனர்ஜியைப் பிடுங்கிவிடும். அலமாரியில் அரிய பொருளாக இருக்கும் ஒரு கார்டு ஆட்டத்தில் திணறியது இப்படித்தான்.

அதே பெயரில் 2023-இல் அப்சிடியன் ஃப்ளேம்ஸ் தொகுப்பில் வந்த சாரிசார்ட் இஎக்ஸ் (இஎக்ஸ் என்பது பலம் கூடிய, ஆனால் வீழ்ந்தால் 2 பிரைஸ் தரும் வகை) பல போட்டிகளில் ஆதிக்கம் செலுத்தியது. இதுவும் ஸ்டேஜ் 2தான். வித்தியாசம் அதன் அபிலிட்டியில், அதாவது தாக்குதல் அல்லாத சிறப்புத் திறனில் இருக்கிறது. கையிலிருந்து இறக்கி வளர்த்ததும், டெக்கிலிருந்து 3 ஃபயர் எனர்ஜி வரை எடுத்து நம் போகிமான்களுக்கு விரும்பியபடி ஒட்டலாம். தாக்க 2 போதும், மூன்றாவது பின்னால் இருக்கும் அடுத்த ஆளுக்கு. தாக்குதல் 180 டேமேஜ். எதிராளி எடுத்துவிட்ட ஒவ்வொரு பிரைஸ் கார்டுக்கும் கூடுதலாக 30. அதாவது நாம் பின்தங்கப் பின்தங்க அடி கனக்கிறது. தன் எனர்ஜிச் செலவைத் தானே கட்டிக்கொள்ளும் கார்டு, தோற்கும் நிலையிலும் பலம் கூடும் கார்டு. இந்த இரண்டு குணமும் எந்தக் கார்டில் இருந்தாலும் நின்று படியுங்கள்.

படிக்கும்போது வகைச் சின்னத்தையும் விடாதீர்கள். இந்த சாரிசார்ட் இஎக்ஸ் டார்க்னஸ் வகை, பலவீனம் புல் வகைக்கு. நெருப்புதானே, தண்ணீர் டெக் போதும் என்று வருபவர்கள் 330 எச்.பி.யையும் முழுசாக அடித்துத் தீர்க்க வேண்டியிருக்கும். புல் வகைக்காரருக்கு 165 டேமேஜ் இருந்தாலே இரட்டிப்பாகி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, தேவையான நேரத்தில் கார்டு கைக்கு வருமா என்ற கணக்கு. டெக்கில் 60 கார்டு, தொடக்கக் கையில் 7. ஒரு கார்டை 4 பிரதி வைத்தால் அந்த ஏழில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம். 2 பிரதி என்றால் 22, ஒன்று என்றால் 12-க்கும் கீழே. சாரிசார்ட் இஎக்ஸை இரண்டாவது சுற்றில் இறக்க, முதல் சுற்றிலேயே சார்மாண்டர் பெஞ்சில் (முன்னால் ஆடும் போகிமானுக்குப் பின்னால் காத்திருக்கும் வரிசை) இருக்க வேண்டும். பிறகு நடுக்கட்டத்தைத் தாண்டி வளர்க்க உதவும் ரேர் கேண்டியும் சாரிசார்டும் ஒன்றாகக் கையில் சேர வேண்டும். தேடித்தரும் கார்டுகள் இல்லாமல் இது நடப்பது அதிர்ஷ்டம். அதனால்தான் சுற்றுக்கு ஒருமுறை டெக்கிலிருந்து எந்தக் கார்டையும் எடுத்துத் தரும் பிட்ஜாட் இஎக்ஸ் அந்த டெக்கில் கூடவே வந்தது. ஆட்டத் தொடக்கத்தில் 6 கார்டு பிரைஸாகக் கவிழ்த்து வைக்கப்படுவதையும் மறக்கக் கூடாது. ஒரே பிரதியாக வைத்த கார்டு அங்கே போய் மாட்டிக்கொள்ள 10 சதவீத வாய்ப்பு உண்டு. “இந்த ஒரு கார்டு இருந்தால் ஜெயித்துவிடலாம்” என்ற டெக் பத்தில் ஓர் ஆட்டத்தை முதலிலேயே தள்ளாட்டத்தோடு தொடங்குகிறது.

பிரைஸ் கணக்குதான் பலரும் கோட்டைவிடும் இடம். சாதாரண போகிமான் வீழ்ந்தால் எதிராளிக்கு 1 பிரைஸ், இஎக்ஸ் வீழ்ந்தால் 2. ஆறையும் எடுத்தவர் ஜெயிப்பார். வெறும் இஎக்ஸாக அடுக்கினால் எதிராளிக்கு மூன்று வீழ்த்தல் போதும். இடையில் ஒரு பிரைஸ் தரும் போகிமான் ஒன்றை முன்னிறுத்தி அதை வீழ்த்த வைத்தால் நான்கு வீழ்த்தல் ஆகும். ஒரு முழுச் சுற்று நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

பிரைஸ் கணக்கை மாற்றும் கார்டும் உண்டு. லைட்னிங் (மின்சார) வகை அயர்ன் ஹேண்ட்ஸ் இஎக்ஸின் இரண்டாவது தாக்குதல் 4 எனர்ஜிக்கு வெறும் 120 டேமேஜ். எண்ணை மட்டும் பார்த்தால் ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்த அடியில் எதிரியின் போகிமான் வீழ்ந்தால் ஒரு பிரைஸ் கூடுதலாக எடுக்கலாம். எதிரியின் பெஞ்சில் இருக்கும் சின்ன பிட்ஜியை முன்னால் இழுத்து அடித்தாலே 2 பிரைஸ். 4 எனர்ஜிக்கு எங்கே போவது? டெக்கின் மேல் 5 கார்டைப் பார்த்து, அதில் இருக்கும் லைட்னிங் எனர்ஜியில் 2 வரை நம் பெஞ்சில் உள்ள லைட்னிங் போகிமானுக்கு ஒட்டும் எலக்ட்ரிக் ஜெனரேட்டர் என்ற கார்டு இருந்தது. 60 கார்டில் 14 எனர்ஜி என்று வைத்தால், அந்த ஐந்தில் ஒன்றாவது கிடைக்க 75 சதவீதம், இரண்டும் கிடைக்க 33 சதவீதம். எனர்ஜி 5 மட்டும் உள்ள வேறு டெக்கில் ஒன்றாவது கிடைப்பதே 36 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே அயர்ன் ஹேண்ட்ஸ் நல்ல கார்டா என்று தனியாகக் கேட்பதில் பொருள் இல்லை. எந்த டெக்கில், எத்தனை ஜெனரேட்டரோடு என்று கேளுங்கள்.

எண்களை நம்பினால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு பட்யூ என்ற சின்ன போகிமானைவிட நல்ல சான்று இல்லை. 2025 தொடக்கத்தில் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் தொகுப்பில் வந்தது. எச்.பி. 30, டேமேஜ் 10. ஆனால் தாக்குதலுக்கு எனர்ஜியே வேண்டாம். அடி வாங்கியவர் தன் அடுத்த சுற்றில் கையிலிருந்து ஐட்டம் கார்டு (ஒரு சுற்றில் எத்தனை வேண்டுமானாலும் ஆடக்கூடிய உதவிக் கார்டு) எதையும் விளையாட முடியாது. முதலில் ஆடுபவர் தன் முதல் சுற்றில் தாக்க முடியாது என்பது விதி. எனவே இரண்டாவதாக ஆடும் பட்யூக்காரர்தான் ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கிறார். எதிராளியின் ரேர் கேண்டி, நெஸ்ட் பால், அல்ட்ரா பால் எல்லாம் கையில் முடங்கிப்போகும். பட்யூ வீழ்ந்தாலும் போவது ஒரே பிரைஸ், அதனால் மேலே சொன்ன நான்கு வீழ்த்தல் கணக்கும் நமக்குச் சாதகம். சப்போர்ட்டர் (சுற்றுக்கு ஒன்று மட்டும் ஆடக்கூடிய உதவிக் கார்டு), அபிலிட்டி இவற்றை நம்பி ஓடும் டெக்குக்கு எதிரே மட்டும் இதன் வேகம் குறையும்.

வாங்கும் முன் கார்டின் கீழ் இடது மூலையில் சிறு கட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் போட்டியில் (சமீபத்திய கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் வகை) அது செல்லுமா என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். 2025 ஏப்ரலில் ‘எஃப்’ எழுத்து விலக்கப்பட்டபோது காம்ஃபே, மிராஜ் கேட் போன்ற கார்டுகளை நம்பிய லாஸ்ட் ஸோன் டெக் மொத்தமாக ஸ்டாண்டர்டிலிருந்து போனது. விலக்கல் நெருங்கும் மாதங்களில் மலிவாக வரும் டெக்குகளை வாங்கும்போது எச்சரிக்கை தேவை. அதே கார்டு புதிய எழுத்தோடு மறுபதிப்பாகியிருந்தால் பழைய பிரதியையும் பயன்படுத்தலாம். ரேர் கேண்டி, அல்ட்ரா பால், பாஸ்ஸஸ் ஆர்டர்ஸ் இப்படித்தான் நீடிக்கின்றன. உலோகத்தில் செய்த தங்க நிறக் கார்டுகளும் பெரிய ஜம்போ கார்டுகளும் போட்டியில் செல்லாது. நிறுவனமே வெளியிட்டிருந்தாலும் செல்லாது.

சந்தேகமான கார்டைக் காசு கொடுக்கும் முன் சோதித்துவிடலாம். போகிமான் டிசிஜி லைவ் செயலி இலவசம். வீட்டில் என்றால் பெயரையும் வாசகத்தையும் துண்டுத்தாளில் எழுதி, வேறொரு கார்டின் மேல் வைத்து உறைக்குள் போட்டு ஆடலாம். குறைந்தது 20 ஆட்டம், பாதி முதலில் ஆடியும் பாதி இரண்டாவது ஆடியும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒன்றை மட்டும் குறித்து வாருங்கள்: அந்தக் கார்டு கையில் இருந்தும் பயன்படாமல் கிடந்த சுற்றுகள் எத்தனை. வெற்றி தோல்வியைவிட இந்த எண்ணிக்கை தெளிவாகப் பேசும், ஏனென்றால் 20 ஆட்டத்து வெற்றிக் கணக்கில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிக அதிகம்.

கார்டு தேறியது என்று முடிவானபின் மலிவான பதிப்பையே வாங்குங்கள். முழுப்படப் பதிப்பிலும் அதே வாசகம்தான். ஃபாயில் கார்டுகள் ஈரப்பதத்தில் வளையக்கூடியவை. தட்டையான கார்டுகளுக்கு நடுவே வளைந்தவை நான்கு மட்டும் இருந்தால், உறைக்குள் இருந்தாலும் டெக்கை இரண்டாகப் பிரித்து வெட்டும்போது அந்த இடத்தில் விரல் நிற்கும். நடுவர் அதை அடையாளமிட்ட கார்டு என்று எடுத்துக்கொண்டால் தண்டனை உண்டு.