குறட்டை நிற்கும்போது விழித்துக்கொள்பவர்கள்

"டாக்டரம்மா, இவரு குறட்டை எனக்குப் பழகிப்போச்சு. கல்யாணமாகி 22 வருஷமாச்சு, பழகாம என்ன செய்யும்? ஆனா அந்தச் சத்தம் திடீர்னு நின்னுரும் பாருங்க, அப்பத்தான் எனக்கு முழிப்புத் தட்டும். எந்திரிச்சு உக்காந்து இவரு நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

என் ஓ.பி.க்கு வந்த ஓர் அம்மா சொன்னது இது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணவருக்கோ ஒரே சங்கடம். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்; கடையைப் பூட்டிவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. "தலையணையில தலை வச்சா ரெண்டு நிமிஷத்துல தூங்கிருவேன் டாக்டர். எனக்கென்ன குறை? இவளுக்குத்தான் தூக்கம் வரல, இவளப் பாருங்க" என்றார்.

படுத்த இரண்டு நிமிடத்தில் தூக்கம் வருவதை வரம் என்று நாம் நினைக்கிறோம். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு அடுத்த இரவு படுத்ததும் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும். பகலிலும் இரவிலும் சாய்ந்த இடத்தில் கண் செருகுகிறவர் தூக்கக் கடனில் இருக்கிறார். ராத்திரி எட்டு மணி நேரம் கட்டிலில் கிடந்தவருக்கு அந்தக் கடன் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் அவரிடம் இல்லை. அவர் மனைவியிடம் இருந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவராக நான் பார்க்கும் நோய்களில், நோயாளியைவிடப் பக்கத்தில் படுப்பவர் அதிகம் தெரிந்து வைத்திருப்பது இந்த ஒன்றில்தான். அதனால் குறட்டை என்று யார் வந்தாலும் கூட வந்தவரிடம்தான் முதலில் பேசுவேன். எவ்வளவு சத்தம் என்று கேட்க மாட்டேன். நடுவில் நிற்கிறதா என்று கேட்பேன்.

அண்ணத்தின் பின்பகுதியிலிருந்து குரல்வளை வரைக்கும் நம் தொண்டை ஒரு மெத்தென்ற குழாய். மூச்சுக்குழாய்க்கு இருப்பதுபோல் குருத்தெலும்பு வளையம் அதற்குக் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதை விறைப்பாகத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கியதும் பிடி தளர்கிறது. குழாய் குறுகலாக இருந்தால், அதன் வழியே போகும் காற்றில் அண்ணமும் உள்நாக்கும் படபடவென்று அதிர்கின்றன. அதுதான் குறட்டை. குழாய் ஒட்டிக்கொண்டால் காற்றே போகாது, சத்தமும் வராது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி ஒரு கணம் உலுக்கி எழுப்பும். 'கர்ர்' என்று ஒரு பெரிய இழுப்பு, புரண்டு படுப்பார், குறட்டை மறுபடி ஆரம்பிக்கும். தூக்கத்தில் மூச்சடைக்கும் இந்த நோய்க்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். அந்த ஒரு கண விழிப்பு காலையில் நினைவில் இருக்காது. அதனால்தான் "நான் நல்லாத்தான் தூங்கினேன்" என்று சத்தியம் செய்கிறார்கள். பொய் சொல்லவில்லை, பாவம்.

மூச்சு 10 விநாடியாவது நின்றால்தான் நாங்கள் கணக்கில் எடுப்போம். முழுதாக நிற்பதும் ஓரளவு குறைவதும் சேர்த்து மணிக்கு 5 முறைக்குக் குறைவு என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ஆறு மணி நேரம் தூங்கும் ஒருவருக்கு மணிக்கு 30 என்றால், ஒரு ராத்திரியில் 180 தடவை அவர் கழுத்தை யாரோ நெரித்து விட்டதற்குச் சமம். தூங்கும்போது மூச்சைக் கணக்கெடுக்கும் தூக்கப் பரிசோதனையில் ஹார்டுவேர் கடைக்காரருக்கு வந்தது மணிக்கு 52.

அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது, அப்படியும் அடங்கவில்லை. ராத்திரி மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவார்; சர்க்கரை என்று நினைத்து இரண்டு தடவை பரிசோதித்து, இல்லை என்று வந்திருந்தது. காலையில் தலைவலி, வாய் வறண்டு நாக்கு ஒட்டும். எல்லாவற்றுக்கும் தனித்தனி மருத்துவர், தனித்தனி சீட்டு. எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. மூச்சு அடைபட்ட நெஞ்சுக்குள் இதயம் இழுபட்டு, 'உடம்பில் தண்ணீர் அதிகம்' என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. ராத்திரி பாத்ரூம் நடைக்கு இது ஒரு காரணம்.

2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, தூக்கத்தில் மூச்சடைக்கும் இந்த நோயின் பெயர் செய்திகளில் வந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் என்னிடம் குறட்டைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். பிறகு பழைய கதைதான். வீட்டில் கிண்டல், 'கும்பகர்ணன்' பட்டம், ஹாலுக்கு மாறிய பாய்.

அந்தக் கிண்டல் ஆண்களுக்குத்தான் கிடைக்கிறது. பெண்களுக்குக் கிடைப்பது வெட்கம். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவை மகள் கூட்டி வந்தாள். தூக்கம் வரவில்லை, எப்போதும் அசதி என்று இரண்டு வருடமாகத் தூக்க மாத்திரை. பேச்சு வாக்கில் மகள் ஒன்று சொன்னாள்: "அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் ராத்திரி தங்காது டாக்டர். ரயில்ல போனா விடிய விடிய உக்காந்தே வரும். தம்பி கல்யாணத்துல மண்டபத்துல எல்லாரும் படுத்திருக்க, இது மட்டும் சமையக்கட்டுல தேங்கா துருவுறவுகளோட உக்காந்திருந்துச்சு." அம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பொம்பள குறட்டை விட்டா சிரிப்பாகளே."

மாதவிடாய் நிற்கும் வரை பெண் ஹார்மோன்கள் தொண்டைத் தசைகளுக்கு ஓரளவு காவல். நின்றதும் அந்தக் காவல் போய்விடுகிறது. பெண்கள் 'குறட்டை' என்று வருவதில்லை; தூக்கமின்மை, களைப்பு, தலைவலி, மனச்சோர்வு என்று வருகிறார்கள். கேட்டதற்குத் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். தளர்ந்த தசையை அது இன்னும் தளர்த்தும், மூளை உலுக்கி எழுப்புவதையும் தாமதப்படுத்தும். ராத்திரி ஒரு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கும் நடப்பது இதுதான்.

இனி மூக்கு. குறட்டைக்கு மூக்கைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடித்திருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், மூக்குத் தண்டு வளைந்திருந்த ஒருவருக்கு அதை நேராக்கும் ஆபரேஷன் செய்தேன். "குறட்டையும் போயிடும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூக்கு ஜம்மென்று திறந்தது. குறட்டை அப்படியே இருந்தது. ஆறு மாதம் கழித்து அவர் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் தன் போனில் பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டினார். அதில் 40 விநாடி அமைதி. அந்த அமைதியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆபரேஷனுக்கு முன்பே தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அன்றிலிருந்து சொல்கிறேன்: வரும்போது ஐந்து நிமிட வீடியோ எடுத்து வாருங்கள், முகத்தோடு நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி.

மூக்கடைப்பு குறட்டையைக் கூட்டும் என்பது உண்மைதான். ஒரு தம்பதி சண்டையோடு வந்தார்கள். மனைவிக்கு இரவில் மூக்கடைப்பும் குறட்டையும். மொட்டை மாடியில் அவர் வளர்க்கும் 14 தொட்டிப் பன்னீர் ரோஜாதான் காரணம் என்று கணவர் கட்சி கட்டினார். தொட்டிகளைத் தூக்கிப் போடச் சொல்லி நான் ஒரு சீட்டு எழுத வேண்டுமாம். ரோஜாவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீ சுமந்து போவதற்காக ஆனது, காற்றில் பறந்து படுக்கையறைக்கு வருவது அரிது. ரோஜாவை விடுதலை செய்தேன். "வீட்டில் வேறு என்ன இருக்கிறது?" என்றேன். இருவரும் ஒரே குரலில், "பூனை." எங்கே படுக்கும்? "என் தலமாட்டுலதான்."

பூனை முடி என்று சொல்கிறோம். ஒவ்வாமை தருவது முடி அல்ல, அதன் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை நாளெல்லாம் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிறது, புரதம் காய்ந்து பொடியாகி மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்கிறது. பூனையைக் கொண்டுபோய் விட்டாலும் மாதக்கணக்கில் போகாது. அந்த அம்மாவுக்கு முன்கையில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்ததில் பூனையும் தடித்தது, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதைவிடப் பெரிதாகத் தடித்தது. பதினைந்து வருடப் பழைய இலவம்பஞ்சுத் தலையணையின் உபயம். தலையணை போனது. பூனைக்குப் படுக்கையறையில் மட்டும் தடை. கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்திய கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை.

கூடவே மூக்கு ஸ்ப்ரே. இதை அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடியுங்கள். முனை நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வேண்டும். தலையை லேசாகக் குனிந்து, மெதுவாக உறிஞ்சினால் போதும். தொண்டைக்கு இறங்கிக் கசந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள். இது நாள்படப் போடுகிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருக்கும், போட்ட நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இல்லாமல் மூக்கு திறக்கவே மறுக்கும். வருடக்கணக்கில் அந்தக் குப்பிக்கு அடிமையாய் இருப்பவர்களைப் பார்க்கிறேன்.

யாருக்குத் தூக்கப் பரிசோதனை வேண்டும்? நடுவில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். மற்றவர்கள் தையல்காரர் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்து பாருங்கள். 40 செ.மீ.க்கு மேல், சட்டைக் காலர் 16 அங்குலத்தைத் தாண்டுகிறது, பகலில் தூக்கம் தள்ளுகிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது என்றால் வாருங்கள். பகல் தூக்கத்தை அளக்க மெல்போர்ன் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகளை இன்றும் கேட்கிறோம். பேப்பர் படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, ஒரு மணி நேரம் காரில் போகும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கடைசிக் கேள்வி, கார் போக்குவரத்தில் சில நிமிடம் நின்றால் தூங்கிவிடுவீர்களா என்பது. கடைக்காரர் அதற்கு 2 போட்டார். பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை மகன் ஓட்டட்டும் என்று சாவியை மனைவி கையில் கொடுக்கச் சொன்னேன்.

தீவிரமாக இருந்தால் சீபேப் இயந்திரம். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் இதைப் பற்றி எழுதினார். வேறொன்றுமில்லை, அறையில் இருக்கும் அதே காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியே அனுப்பி, தொண்டைக் குழாய் ஒட்டாமல் பிடித்துக்கொள்வது. 'ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு ஆயிட்டேனா?' என்று அழுதவர்கள் உண்டு. ஆக்சிஜன் இல்லை, வென்டிலேட்டரும் இல்லை. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். மாலையில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கை மாட்டிப் பழகச் சொல்வேன்.

லேசான நிலை என்றால் எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, தைராய்டு பார்ப்பது. பனியனின் முதுகுப் பக்கம் பை தைத்து ஒரு ரப்பர் பந்தைப் போட்டுவிட்டால் மல்லாந்து படுக்க முடியாது. சிரிக்காதீர்கள், மல்லாந்தால் மட்டும் குறட்டை வருபவர்களுக்கு இது வேலை செய்யும். இணையத்தில் விற்கும் மூக்குக் கிளிப், தொப்புள் எண்ணெய் இவற்றுக்குக் காசு தண்டம். வாயில் டேப் ஒட்டும் புது மோகம் மூக்கடைத்தவருக்கு ஆபத்து. குழந்தை தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கினால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் பார்க்க வேண்டும். வகுப்பில் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்புக்கும் ராத்திரிப் படுக்கை நனைவதற்கும்கூட அது காரணமாக இருக்கலாம்.

தேங்காய் துருவும் இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு மணிக்கு 34 வந்தது. இயந்திரம் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, தூக்க மாத்திரை நின்றுவிட்டது. போன மாதம் மகள் மட்டும் காதுவலி என்று வந்தாள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"நாத்தனார் மக கல்யாணத்துக்குப் போயிருந்தோம் டாக்டர். மண்டபத்துல படுக்கிறதுக்கு எல்லாரும் எடம் பிடிக்கிறாக. எங்கம்மா முந்திக்கிட்டு ஓடி பிளக் பாயின்ட் பக்கத்துல பாயப் போட்டுருச்சு. போன் சார்ஜ் போட வந்த பயலுகள 'காலையில வாங்கடா'ன்னு வெரட்டி விட்டுருச்சு."