நாலாவது பென் டிரைவ் வாங்கும் முன்

“தம்பி, பென் டிரைவ் மறுபடியும் போச்சு.” யாங்கோன் பயின்னவுங் சந்தையில் உளுந்துக் கிடங்கு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போனில் இப்படிச் சொன்னது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் புதுசு வாங்கிச் செருகச் சொன்னதே நான்தான். அதனால் இந்த முறை கொஞ்சம் வெட்கத்தோடுதான் கிளம்பினேன்.

கிடங்கில் இருப்பது ஒரு ராஸ்பெர்ரி பை 4, ஒரே பலகையில் அடங்கும் சின்னக் கணினி. மழைக்காலத்தில் மூட்டைக்குள் ஈரம் ஏறினால் உளுந்து பூஞ்சை பிடிக்கும் என்பதால், நாலு சென்சார்கள் காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளந்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்கெல்லாம் பென் டிரைவில் சேரும். அண்ணனின் புகார் இதுதான்: சில நாள் கணக்கு இருக்கிறது, சில நாள் கணக்கு அடியோடு இல்லை.

பென் டிரைவைத் தொடாமல், முதலில் கெர்னல் பதிவைத் (இயங்குதளத்தின் மையப் பகுதி நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பு) திறந்தேன். யுஎஸ்பி பெயருக்குப் பக்கத்தில் பிழை எண் -71 வரிசையாக நின்றது. கருவியும் கணினியும் பேசும் பேச்சு நடுவில் சிதைந்தது என்று அதற்குப் பொருள். அங்கங்கே -110-உம் இருந்தது, கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதில் வரவில்லை என்று பொருள். மெமரி செத்துப்போனதாக இந்த இரண்டு எண்ணுமே சொல்வதில்லை. அவற்றுக்கு இடையிடையே ‘மின்னழுத்தம் குறைவு’ என்ற எச்சரிக்கையும் இருந்தது. பலகைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் குறித்து வைத்துவிடும்.

பார்த்தால், யாரோ பழைய போன் சார்ஜரையும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கேபிளையும் மாட்டியிருக்கிறார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. சார்ஜரில் 5 வோல்ட் கிளம்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். கேபிளின் மின்தடை 0.2 ஓம், ஓடும் மின்னோட்டம் 2 ஆம்பியர் என்றால் வழியிலேயே 0.4 வோல்ட் கரைந்துவிடும். பலகைக்குப் போய்ச் சேருவது 4.6 தான். பை 4-க்கு அதன் தயாரிப்பாளர்கள் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பது இந்த இழப்பையும் எண்ணித்தான்.

சரி, சில நாள் கணக்கு எங்கே போனது? எனக்கு அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது இந்தக் கேள்விதான்.

நம் ஊர் மின்சாரம் தெரிந்ததுதானே. தெருவில் ‘மீ லாபி!’ (கரண்ட் வந்துடுச்சு) என்று குரல் எழும்பும்போது கரண்ட் ஒழுங்காக வராது, இரண்டு மூன்று தடவை கண்ணடித்துவிட்டுத்தான் நிலைக்கும். அந்த நேரத்தில் பை எழுந்திருக்கும்போது பென் டிரைவ் சில சமயம் கண்ணில் படுவதில்லை. டிரைவ் இல்லாவிட்டாலும் நிற்காமல் கிளம்பு என்று அமைப்பில் எழுதி வைத்தது நானேதான். ஆகவே பை கிளம்பிவிடும். பென் டிரைவ் வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் வெறுமையாக இருக்கும், நிரல் அது தெரியாமல் அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கும். அதாவது கணக்கு பென் டிரைவுக்குப் பதிலாக, பைக்குள்ளேயே இருக்கும் எஸ்டி கார்டுக்குப் போகிறது. அடுத்த முறை டிரைவ் ஒழுங்காக ஏறியதும் அந்த ஃபோல்டரின் மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். பழைய கணக்கு அடியில் மறைந்துவிடும்.

மறுநாள் டிரைவைக் கழற்றிவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்தேன். ஏழு வாரக் கணக்கில் விடுபட்ட நாட்கள் அத்தனையும் அங்கே கிடந்தன. “அட, வீட்டுக்குள்ளேயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினோமா!” என்றார் அண்ணன். இப்போது நிரல், டிரைவ் மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது அந்த ஃபோல்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதும். இல்லையென்றால் மணி அடிக்கும். டிரைவை, செருகும் வரிசையில் கிடைக்கும் பெயரால் அல்ல, அதற்கே உரிய யுயுஐடி எண்ணால் அடையாளம் காணும்படியும் மாற்றினேன்.

எழுதும் முறையும் சரியில்லை. 5 வினாடிக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு 17,280 தடவை. பென் டிரைவுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் மெமரியில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. பெரிய பெரிய கட்டமாகத்தான் அழிக்கும். சின்ன வரிக்காக ஒவ்வொரு முறையும் இவ்வளவு வேலை வாங்கினால் தேய்மானம் பல மடங்காகும். போதாக்குறைக்கு டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தது. எழுதும் நடுவே கரண்ட் போனால், பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்யும் குறிப்பேடு அதில் கிடையாது. அந்தக் குறிப்பேடு உள்ள எக்ஸ்ட்4-க்கு மாற்றினேன். கணக்கை ரேமில் சேர்த்து 10 நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எழுத வைத்தேன். திடீரென்று கரண்ட் போனால் 10 நிமிடக் கணக்கு போகும். உளுந்துக்கு அதனால் நட்டமில்லை.

இன்னொன்று, பை 4-இல் பேட்டரி கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாமல் எழுந்தால் பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். ஒரு டிஎஸ்3231 கடிகாரத் துண்டு வைத்ததும் அந்தக் குழப்பமும் தீர்ந்தது. நல்ல அடாப்டர், குட்டையான தடித்த கேபிள், சின்ன யுபிஎஸ். செலவு அவ்வளவுதான்.

‘கெட்டுப்போன’ மூன்று டிரைவும் மேசை டிராயரில் இருந்தன. எடுத்து எஃப்3 நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்தேன். இரண்டு நன்றாகவே இருந்தன. மூன்றாவதில் மேலே 64 ஜிபி என்று அச்சு, உள்ளே 8 தான். இந்தக் கணக்கு 8 ஜிபியை எட்ட வருடக்கணக்காகும் என்பதால் இந்தக் கோளாறுக்கு அது காரணமில்லை. ஆனால் அதை நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவன் நான். அண்ணன் இன்னும் அதைத் திருப்பித் தரவில்லை.