நகை வார்ப்பில் இரண்டு அச்சுகள்

லட்சுமி உருவம் கொண்ட ஒரு பதக்கத்தை வார்ப்பில் எடுப்பதாகக் கொள்வோம். தாமரை இதழின் விளிம்பும் தேவியின் விரல்களும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன் உடையவை. இவ்வளவு நுண்ணிய வடிவத்தை ஓர் அச்சில் பதியவைப்பது பெரிய சிரமமன்று. நல்ல சிலிக்கோன் ரப்பர் கைரேகையைக்கூடப் பிரதி எடுத்துவிடும். பதிந்த வடிவத்தின் கடைசி மூலை வரைக்கும் உருகிய பொன்னைப் போகவைப்பதுதான் சிரமம். நகை வார்ப்பில் அச்சுகள் இரண்டு: மெழுகு உருவம் எடுக்கும் ரப்பர் அச்சு ஒன்று; அந்த மெழுகைச் சுற்றி எழுப்பி, மெழுகை எரித்து நீக்கியபின் பொன் ஊற்றும் அச்சு இன்னொன்று.

உருகிய பொன்னின் பரப்பு இழுவிசை, அதாவது அதைத் துளியாகத் திரண்டு நிற்கச் செய்யும் விசை, நீரின் இழுவிசையைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. அச்சின் சுவரை அது நனைப்பதும் இல்லை. ஆகவே குறுகிய துளைக்குள் பொன் தானாக இறங்காது. அழுத்தித் தள்ள வேண்டும், துளை சிறுக்கச் சிறுக்க அழுத்தமும் கூட வேண்டும். 0.2 மி.மீ. விட்டமுள்ள துளைக்குள் பொன் புக வேண்டுமானால், துளைக்கு மேலே ஏறத்தாழ 13 செ.மீ. உயரத்துக்கு உருகிய பொன் நிற்க வேண்டும் என்று கணக்கிடலாம். ஒரு பதக்கத்துக்காக அவ்வளவு பொன்னை யாரும் ஊற்றி நிறுத்த மாட்டார்கள். அதனால்தான் நகைப் பட்டறைகளில் அச்சைச் சுழற்றி விசையால் தள்ளுகிறார்கள், அல்லது அச்சின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, மேலேயிருந்து வளிமண்டல அழுத்தமே உலோகத்தை உள்ளே தள்ளும்படி செய்கிறார்கள். அந்த முழு அழுத்தமும் கிடைத்தால், 0.05 மி.மீ. துளைக்குள்கூடப் பொன் நுழைய முடியும். ஆனால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். அச்சுப் பொருள் நுண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதன் ஊடாகக் காற்று போகவும் வேண்டும்.

இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுபவை. மணல் அச்சில் காற்று எளிதாகப் போகும். ஆனால் மணல் துகளை விடச் சிறிய எதுவும் அதில் பதியாது. கணவாய் மீனின் ஓட்டில் வடிவத்தை அழுத்தி வார்ப்பது பழைய, மலிவான வழி. அதன் அடுக்கு வரிகள் உலோகத்தின் மேல் அப்படியே பதிந்துவிடும். அந்த வரிகளையே அழகாகக் கொள்ளும் மோதிரத்துக்கு அது பொருந்தும், லட்சுமியின் முகத்துக்குப் பொருந்தாது. சுவாமிமலைச் சிற்பிகள் இந்த மோதலை அடுக்குகளால் தீர்க்கிறார்கள்: மெழுகு உருவத்தின் மேல் முதலில் காவிரியின் நுண்ணிய வண்டல் மண், அது உலர்ந்தபின் மணல் கலந்த முரட்டு மண். முதல் பூச்சு நுணுக்கத்தைக் காக்கிறது; பின்னடுக்கு வலுவும் காற்றுக்கு வழியும் தருகிறது.

நகைத் தொழிலில் இந்த வேலையைச் செய்வது, நீரில் குழைத்து மெழுகு உருவத்தைச் சுற்றி ஊற்றும், ஜிப்சம் கலந்த காஸ்டிங் பவுடர். பெயரளவில் ஜிப்சம் என்றாலும், அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் ஆகிய சிலிக்கா (மணலின் முதன்மைப் பொருள்) வகைகளே. ஜிப்சம் நீருடன் சேர்ந்து இறுகி, துகள்களைப் பிணைத்து நிறுத்துகிறது. 100 கிராம் பவுடருக்கு ஏறத்தாழ 40 மி.லி. நீர் ஊற்றுகிறார்கள், இறுகுவதற்கு இந்த நீர் முழுவதும் தேவையில்லை. மீதி நீர் சூட்டில் வெளியேறும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகள்தாம் காற்றின் பாதை. நீரைக் கூட்டினால் அச்சு பலவீனமாகும். குறைத்தால் கூழ் கெட்டியாகி, மெழுகின் இடுக்குகளில் காற்றுக்குமிழ்களைச் சிறைப்பிடிக்கும். ஒவ்வொரு குமிழும் வார்த்த நகையில் ஒரு குட்டி உலோக மணியாக வந்து நிற்கும். கூழை வெற்றிடத்தில் வைத்துக் குமிழ்களை நீக்குவது இதனால்தான்.

சிலிக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜிப்சம் சூடாகும்போது சுருங்கும். தனியாக விட்டால் அச்சு வெடித்துவிடும். கிறிஸ்டோபலைட் 200 முதல் 270 டிகிரி செல்சியஸுக்குள்ளும், குவார்ட்ஸ் 573 டிகிரியிலும் படிக அமைப்பு மாறிச் சட்டென விரிந்து, அந்தச் சுருக்கத்தை ஈடுசெய்கின்றன. ஈடுசெய்யும் அதே விரிவு அவசரப்பட்டால் அச்சைப் பிளந்தும் விடும். மெழுகை எரித்து வெளியேற்ற அச்சை ஏறத்தாழ 730 டிகிரி வரை சூடாக்கும் வேலை பல மணிநேரம் நீள்வதற்கு இதுவும் காரணம்.

பின்னர் வார்ப்புக்காக அச்சின் சூட்டை 500 முதல் 650 டிகிரிக்குள் இறக்குகிறார்கள். மெல்லிய பொருளுக்கு அச்சு சூடாக இருக்க வேண்டும், இல்லையேல் பொன் பாதி வழியிலேயே உறைந்துவிடும். தடித்த பொருளுக்கு அந்தச் சூடு கெடுதல்: உலோகம் மெதுவாக உறைந்து, படிகங்கள் பருத்து, அச்சுடன் வினைபுரியவும் நேரம் கிடைத்துவிடும்.

ஜிப்சத்தின் எல்லையும் வெப்பமே. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்; சிலிக்காவுடன் சேர்ந்திருக்கையில் அது ஏறத்தாழ 1200 டிகிரியில் சிதைந்து கந்தக டை ஆக்சைடை வெளிவிடும். அந்த வாயு உலோகத்தில் துளைகளாகத் தங்கிவிடும். வெள்ளியும் மஞ்சள் தங்கமும் 1100 டிகிரிக்குள்ளேயே உருகுவதால் தப்பித்துக்கொள்கின்றன. பிளாட்டினம் உருகுவது 1768 டிகிரியில். அதற்குப் பாஸ்பேட்டால் பிணைத்த சிலிக்கா அச்சு வேண்டும். ஜிப்சம் அச்சைச் சூடாகவே நீரில் போட்டால் உதிர்ந்து கரைந்துபோகும். பாஸ்பேட் அச்சு அப்படி இளகுவதில்லை, நுண்ணிய விளிம்புகளுக்குச் சேதம் வராமல் அதை உடைத்து எடுப்பது தனி வேலை.

ஒவ்வொரு வார்ப்புக்கும் இந்த அச்சு அழிவதால், ஒரே பதக்கத்தை நூறு முறை எடுக்க நூறு மெழுகு உருவங்கள் வேண்டும். இங்கேதான் ரப்பர் அச்சு வருகிறது. அதற்குள் செல்வது உலோகமன்று, 70 டிகிரியளவில் உருகும் மெழுகு. வளையும் அச்சு என்பதால் உட்குடைவுள்ள வடிவத்தையும் முறிக்காமல் உருவலாம். ஜுங்கர்சன் என்பவர் 1930களில் அமெரிக்காவில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். முன்பே தெரிந்தவற்றின் சேர்க்கைதான் என்று 1949இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஜாக்சன், தம் நீதிமன்றத்தின் கையில் இன்னும் சிக்காத காப்புரிமைதான் செல்லுபடியாகும் போலும் என்று கிண்டலடித்தார்.

ரப்பரைத் தேர்வதில் பார்க்க வேண்டியது சுருக்கம். 150 டிகிரியளவில் அழுத்திப் பதப்படுத்தும் இயற்கை ரப்பர் உறுதியானது, பலமுறை உழைக்கும். ஆனால் 2 முதல் 3 விழுக்காடு சுருங்கும். 17 மி.மீ. உள்விட்ட மோதிரத்தில் 2 விழுக்காடு என்பது 0.34 மி.மீ., விரலுக்குத் தெரியும் வித்தியாசம். அறை வெப்பத்திலேயே இறுகும், பிளாட்டினம் வினையூக்கி சேர்ந்த சிலிக்கோன் ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான் சுருங்கும். சூடுபட்டால் கெடும் மெழுகு மாதிரிகளுக்கும் அதுவே ஏற்றது. எளிதில் கிழிவது அதன் குறை. கந்தகம் கலந்த களிமண் பட்டால் அது இறுகவே இறுகாது. நூற்றுக்கணக்கில் எடுக்கும் வளையலுக்கு இயற்கை ரப்பரையும், அளவு பிசகக்கூடாத நுண்வேலைக்குச் சிலிக்கோனையும் தேர்வதே என் பார்வையில் சரி.

முப்பரிமாண அச்சுப்பொறியில் ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் எடுத்த மாதிரி ரப்பர் அச்சையே தவிர்த்துவிடுகிறது. சிக்கல் ஜிப்சத்துக்கு இடம்பெயர்கிறது. மெழுகு உருகி ஓடிவிடும். ரெசின் உருகாது; முதலில் விரிந்து அச்சின் மெல்லிய சுவர்களை விரிசலாக்கும், பிறகு எரிந்து கரி விடும். கரி எஞ்சினால் ஜிப்சம் 1200 டிகிரிக்கு வெகு கீழேயே சிதைந்து கந்தக வாயு விடத் தொடங்குவதால், ரெசின் மாதிரிகளுக்கு அதிக வலுவுள்ள தனிப் பவுடரும், அடுப்பில் தாராளமான காற்றோட்டமும், உச்ச வெப்பத்தில் கூடுதல் நேரமும் தேவைப்படுகின்றன.