பொசஷன்: உடைமையா, சுவாதீனமா?

கடலூரில் பத்திரம் எழுதும் இடங்களில் "வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்ட கையோடு "பொசஷன் யார்கிட்ட?" என்றும் கேட்பார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்: முதலாவது, வீடு யாருக்குச் சொந்தம் என்பது; இரண்டாவது, அது இப்போது யார் வசம் இருக்கிறது என்பது. ஆனால் பொசஷனைத் தமிழில் எழுதச் சொன்னால் பலர் 'உடைமை' என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பொசஷனின் வேர் லத்தீன். 'பொதிஸ்' என்றால் வல்லமை உள்ளவன், 'செதேரே' என்றால் உட்காருதல். அதிகாரத்தோடு ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது என்பதே மூலப்பொருள். உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொந்தக்காரரைக் குறிக்கும் 'ஓனர்' வேறு குடும்பம், பழைய ஆங்கிலச் சொல். ஒன்று ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதைச் சொல்லும் 'பிலாங்' என்பதற்கு நம்மிடம் 'சேர்ந்தது', 'பாத்தியப்பட்டது' இரண்டும் அப்படியே பொருந்தும்.

'உடைமை' ஏன் ஒத்துவரவில்லை? அறிவுடைமை, அன்புடைமை என்று குறள் அதிகாரங்களில் வருவதைப் பாருங்கள். அது ஒருவருக்கே உரியதைக் காட்டும் சொல். ஓனர் பக்கம் சாய்கிறது. பழைய கிரயப் பத்திரங்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே காத்தன. "எனக்குப் பாத்தியப்பட்டதும் என் அனுபவத்தில் இருந்து வருவதுமான" என்று எழுதினார்கள். முதல் பாதி உரிமை, பின்பாதி பொசஷன். கை மாறும்போது 'சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்பார்கள். சுவாதீனம் வடசொல்தான், தன் வசத்தில் இருப்பது என்று பொருள். தனித்தமிழ் வேண்டுவோர் 'கைவசம்' என்று எழுதுவதுண்டு, ஆனால் அதிலும் 'வசம்' வடசொல்லே. நகை, பத்திரம் போன்றவற்றுக்கு அது சரி. நிலத்துக்குச் சுவாதீனமே பழகிய சொல்.

போக்கியத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருப்பவரிடம் சுவாதீனம் இருக்கிறது, உரிமை இல்லை. அவர் எத்தனை வருடம் இருந்தாலும், உரிமையாளரின் சம்மதத்தோடு இருப்பதால் அது எதிரிடை அனுபவம், அதாவது பிறர் சொத்தை நீண்ட காலம் அனுபவித்தே உரிமை கோருவது, ஆகாது. வாடகைதாரருக்கும் இதே நிலைதான். எதிரிடை அனுபவத்துக்கு, உரிமையாளரை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்திருக்க வேண்டும்; அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். 'பன்னிரண்டு வருஷம் இருந்தா வீடு நமக்கு' என்ற பேச்சு பொசஷனை உடைமையாகப் படித்ததன் விளைவு.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவருக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே 'புரோப்ரியேத்தே' என்பது உரிமை: பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 544ஆம் பிரிவு அதை ஒரு பொருளை அனுபவிக்கவும் விற்று நீக்கவும் உள்ள முழு உரிமை என்கிறது. 'பொசெசியோன்' சுவாதீனம் மட்டுமே.

விற்பவர் வீட்டில் வாடகைதாரர் இருக்கும்போதே 'காலி சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்' என்று வழக்கமான வரியை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பத்திரம் ஒன்று சொல்ல, வீட்டில் இருப்பது வேறாகிவிடும். வாங்கியவர் காலி செய்ய வைக்க வழக்குக்குப் போகும்போது அந்த வரியே எதிராக நிற்கலாம். 'வாடகைதாரர் அனுபவத்தில் உள்ளபடியே' என்று எழுதி, வாடகைத் தொகையையும் முன்பணத்தையும் அதிலேயே குறிப்பிட வேண்டும்.