தன்விரிவு: உறவால் பெருகும் ‘நான்’

உளவியலில் ‘செல்ஃப் எக்ஸ்பான்ஷன்’ என்று வழங்கும் கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘தன்விரிவு’ என்பதே பொருத்தமானது என்பது என் துணிபு. நெருங்கிய உறவில் வாழும் ஒருவர், மற்றவருடைய அறிவையும் ஆற்றலையும் பார்வையையும் அடையாளத்தையும் சிறிது சிறிதாகத் தம்முடையவையாகக் கொள்கிறார். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அவர் சொல்லக்கூடிய விடை நீண்டுகொண்டே போகிறது. அப்படிப் பெருகுவதற்குத்தான் இந்தப் பெயர். திருமணம், நட்பு, உடன்பிறப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்; ஆய்வுகள்தாம் பெரும்பாலும் காதலர்களையும் தம்பதிகளையும் சுற்றியே நடந்திருக்கின்றன.

கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்கள் ஆர்தர் ஆரன், எலெய்ன் ஆரன் என்ற அமெரிக்கத் தம்பதியினர். காதலைப் பற்றி 1986இல் அவர்கள் வெளியிட்ட நூலில் இது முழு உருவம் பெற்றது. விதை அதற்கும் முந்தியது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே, ஒருவர் ‘என்னுடையது’ என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் கூட்டினால் வருவதே அவருடைய ‘தான்’ என்று எழுதினார். உடல், உடை, வீடு, மனைவி மக்கள், முன்னோர், நண்பர், நிலம், குதிரை, வங்கிக் கணக்கு என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. உல்லாசப் படகும் அதில் உண்டு. எழுதியவர் வசதியான குடும்பத்தவர்.

மூலச்சொல்லின் பின்பகுதி இலத்தீனிலிருந்து வந்தது. ‘வெளியே’, ‘பரப்பு’ என்ற இரு கூறுகள் அதில் உள்ளன. நம்முடைய ‘விரி’ அப்படியே பொருந்துகிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு முதலில் கைக்கு வருவது ‘சுய விரிவாக்கம்’தான். அதில் எனக்கு இரண்டு மனக்குறைகள். ‘சுயம்’ வடசொல் என்பது பெரிய குற்றமன்று. ஆனால் தன்மானம், தன்னலம், தன்னம்பிக்கை, தன்னாட்சி என்று ‘தன்’ இத்தனை சொற்களுக்கு முன்னொட்டாக நின்று உழைக்கும்போது அதை விட்டுவிட்டுப் போவானேன்? இரண்டாவது குறையே பெரிது. ‘விரிவாக்கம்’ என்றால் ஒருவர் திட்டமிட்டு ஒன்றை விரிவுபடுத்துகிறார் என்று பொருள். வீதி விரிவாக்கம், வியாபார விரிவாக்கம் என்பவை அப்படிப்பட்டவை. இங்கே நடப்பது தானாக நடப்பது. விரிதல் தன்வினை, விரித்தல் பிறவினை. தன்வினையிலிருந்து பிறந்த ‘விரிவு’ போதும்.

நடப்பது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். யாழ்ப்பாண நகரில் வளர்ந்த ஆசிரியை ஒருத்தி, உரும்பிராயில் தோட்டம் செய்யும் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயம் அவளுக்கு அதுவரை சந்தையில் வாங்கும் பொருள். ஓரிரு போகங்கள் கழிந்தபின், இரவில் மழை இரைந்தால் அவளுக்கும் நித்திரை கெடுகிறது: வெங்காயம் அழுகிவிடுமோ? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை விலையை அவள் இப்போது விற்பவர் பக்கத்திலிருந்து கேட்கிறாள். கிணறு, இறைக்கும் இயந்திரம், அயலவரின் ஒத்தாசை எல்லாம் அவளுக்கும் உரியவை. கணவரோ அவள் விரும்பும் இலக்கியக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வளங்கள், நோக்குகள், அடையாளங்கள் ஆகிய மூன்றையும் நெருங்கியவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஆரன் தம்பதியினர் சொல்வது இதைத்தான். கிணறும் இயந்திரமும் வளம். மழைக்கு நித்திரை கெடுவது நோக்கு. ‘நாங்கள் தோட்டக்காரர்’ என்று அவள் வாயில் வருவது அடையாளம். பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட வீடுகளிலும் இது நடக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் பனி கொட்டினால் கொக்குவிலில் தாய்க்குக் குளிர்கிறது.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில் 325 மாணவர்கள், பத்து வாரங்களில் ஐந்து தடவை, ‘இன்று நீங்கள் யார்’ என்ற கேள்விக்குத் தோன்றியதை எல்லாம் எழுதினார்கள். இடையில் காதல் வயப்பட்டவர்களின் விடைகளில், காதலுக்குப் பின் தம்மைப் பற்றிய விவரிப்புகள் பலவகைப்பட்டிருந்தன. 2000இல் வெளியான இன்னொன்று வேடிக்கையானது. தம்பதிகளின் கைகளையும் கால்களையும் ஒருவரோடொருவர் பிணைத்து, தலையணை ஒன்றைக் கையால் தொடாமல் சுமந்தபடி மெத்தைகள் மேல் தவழ்ந்து தடையைத் தாண்டச் சொன்னார்கள். இதைச் சேர்ந்து செய்து சிரித்தவர்களுக்கு உறவின்மீது இருந்த நிறைவு, சலிப்பான வேலை கொடுக்கப்பட்டவர்களுடையதைவிடக் கூடியது. புதியது நுழையாவிட்டால் விரிவு நின்றுவிடுகிறது, நெருக்கம் மங்குகிறது என்பது இதற்கு அவர்கள் தரும் விளக்கம். திருமணமாகி ஆண்டுகள் ஆனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெருக்கத்தை அளக்க 1992இல் ஒரு படத்தையும் வரைந்தார்கள். ‘நான்’ ஒரு வட்டம், ‘மற்றவர்’ ஒரு வட்டம். விலகி நிற்பதிலிருந்து ஏறத்தாழ முழுதும் ஒன்றன்மேல் ஒன்று படிவது வரை ஏழு சோடிகள். உங்கள் உறவைக் காட்டும் சோடியைத் தொட வேண்டும். மற்றவரைத் ‘தன்’னுள் சேர்த்துக்கொள்ளும் இந்தச் செயலுக்கு ‘உள்ளடக்கம்’ என்று எழுதினால் புத்தகத்தின் பொருளடக்கம் நினைவுக்கு வருகிறது. நம்மிடம் அதைவிட நல்ல சொல் இலக்கணத்தில் கிடக்கிறது: உளப்படுத்தல். கேட்பவரையும் தன்னோடு சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. நன்னூல் இதை ‘தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை’ என்கிறது. அந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதால் நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் மனப்பாடமாக இருந்த தொடர். இதற்கும் கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சில் நாங்கள் கரைத்துவிட்டோம் என்பது வேறு கதை. ‘வாரும், நாங்கள் போவம்’ என்று யாழ்ப்பாணத்தில் அழைத்தால் அழைக்கப்பட்டவரும் அதில் அடக்கம்.

ஓர் எச்சரிக்கை. இலங்கையில் உளவியல், உளநலம், உளவளத்துணை என்று எழுதிப் பழகியதால் ‘உளப்படுத்தல்’ என்பதையும் உள்ளத்தோடு சேர்த்துப் படித்துவிடலாம். அது ‘உள்’ என்ற அடியிலிருந்து வந்தது. உள்ளமும் அதே அடியின் பிள்ளை என்பதால் அந்தப் பிழையால் பெரிய சேதமில்லை.

இதை விளக்கப் பலர் ‘செம்புலப் பெயல்நீர்’ உவமையை இழுப்பார்கள். செம்மண்ணில் விழுந்த நீருக்குத் தனிநிறம் மிஞ்சுவதில்லை, அது கலத்தல். தன்விரிவில் ஆசிரியை ஆசிரியையாகவே இருக்கிறாள், தோட்டமும் கூடுகிறது. மற்றவருக்குள் தான் காணாமற்போவது இந்தச் சொல்லின் பொருளுக்கு வெளியே.

எதிர்ப்பதத்தைத் ‘தன்சுருக்கம்’ எனலாம். தம்மை மிகவும் விரித்த உறவு முறியும்போது ‘தன்’னும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது என்று உளவியலாளர் கேரி லெவண்டோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் காட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்கு இது காதல் முறிவோடு நிற்கும் செய்தியன்று. 1995 ஒக்டோபர் இறுதியில், போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமமே எழுந்து நடந்தபோது மக்கள் விட்டுச் சென்றவற்றில் அயலும் கோயிலும் இருந்தன. ஜேம்ஸின் கணக்குப்படி அவையும் ‘தன்’னின் பகுதிகள். இங்கே உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் மனவடுவைத் தனியாளிடம் மட்டும் தேடாமல் குடும்பத்திலும் சமூகத்திலும் காண வேண்டும் என்று 2007இல் எழுதியதை இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

அங்கேதான் கோட்பாட்டின் மீது எனக்கு ஐயமும் வருகிறது. ‘விரிவு’ என்றால் தொடக்கத்தில் சிறிய, தனித்த ஒன்று இருக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் பங்கேற்ற அமெரிக்க மாணவர்களுக்கு அது சரி. ‘நீர் ஆர் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வியோடு அறிமுகம் தொடங்கும் ஊரில் ‘தான்’ பிறக்கும்போதே நெரிசலானது. உடன்பிறந்தவரின் பிள்ளையைப் ‘பெறாமகன்’, ‘பெறாமகள்’ என்று பெறாமலே பிள்ளையாக்கிக்கொள்கிற உறவுமுறை நம்முடையது. அதே கேள்விக்குப் பின்னால் சாதியும் ஊரும் ஒளிந்திருப்பதையும் மறைக்க வேண்டாம்; உளப்படுத்தும் ‘நாங்கள்’ சிலரை வெளியே நிறுத்தவும் செய்கிறது. இத்தகைய இடத்தில், பிறப்பால் வந்த வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவரோடு கொள்ளும் நட்புக்கே தன்விரிவு என்ற சொல் அதிகம் பொருந்துகிறது.

மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து கலைச்சொல் ஆக்கம் யாழ்ப்பாணத்துக்குப் பழகிய வேலை. ஆகவே பயன்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தன்விரிவு, தன்சுருக்கம் இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதலாம். கோட்பாட்டைத் ‘தன்விரிவுக் கோட்பாடு’ என்றும் வட்டப் படத்தை ‘உளப்படுத்தல் அளவுகோல்’ என்றும் சொல்லலாம். ‘அவளோடு பழகியதில் எனக்குத் தன்விரிவு ஏற்பட்டது’ என்று கடிதத்தில் மட்டும் யாரும் எழுத வேண்டாம்.