வெள்ளெழுத்து

நாற்பதைத் தாண்டியவர் பேப்பரைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படித்தால், திருநெல்வேலிப் பக்கம் “வெள்ளெழுத்து வந்துட்டு” என்பார்கள். மூத்தவர்கள் சிலர் “சாளேஸ்வரம்” என்பார்கள். மருத்துவர் எழுதுவது பிரெஸ்பையோபியா. கிரேக்கத்தில் ‘பிரெஸ்பிஸ்’ முதியவர், ‘ஓப்ஸ்’ கண். கிழக்கண் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாளேஸ்வரத்துக்கும் ஈஸ்வரனுக்கும் சம்பந்தமில்லை. மராத்தியில் ‘சாளீஸ்’ என்றால் நாற்பது. ‘சாளிஷி’ என்றால் நாற்பது வயது. அந்த வயதில் மாட்டும் கண்ணாடிக்கும் அதுவே பெயர். தெலுங்கில் இதை ‘சத்வாரம்’ என்பார்கள். அதற்குள் இருப்பதும் வடமொழி நாற்பதுதான். ஆக, எல்லாரும் வயதைச் சொல்லிப் பெயர் வைத்திருக்க, வெள்ளெழுத்து ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. வெள் என்றால் இங்கே வெளிறிய. குவியம் தப்பும்போது கறுப்பு மையின் ஓரம் தாளின் வெள்ளையோடு கலங்கிப்போகும். பொடி எழுத்தின் மெல்லிய கோடுகள் சாம்பல் நிறமாகிக் கரையும். ஒளியியல் படித்தவர் வைத்த பெயர் போலவே இருக்கிறது.

சரி, கண்ணுக்குள் என்ன நடக்கிறது? கருவிழிப் பாப்பாவுக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் ஒரு வில்லை இருக்கிறது. அதைச் சுற்றி வளையமாகச் சிலியரித் தசை. இரண்டுக்கும் நடுவே நுண்ணிய நார்கள். தூரத்தில் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும், நார்கள் விறைப்பாக இழுத்து வில்லையைத் தட்டையாக வைத்திருக்கும். கிட்டத்தில் பார்க்கத் தசை சுருங்குகிறது. சுருங்கினால் வளையம் சிறிதாகும், அதனால் நார்கள் தொய்யும், வில்லை தன் மீள்தன்மையால் தானே உப்பிக்கொள்ளும். கிட்டத்துப் பொருள் தெளிவது இந்த உப்பலால். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இல் சொன்ன விளக்கம் இது. இந்த வேலைக்குப் பாடப்புத்தகத் தமிழ் ‘விழி ஏற்பமைவு’. தூரத்துக்கு ஏற்ப அமைந்துகொள்வது. நல்ல சொல்தான், பேச்சில் புழங்காது, அவ்வளவே.

லென்ஸ் என்பது லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். வடிவத்தைப் பார்த்து வைத்தது. நம்முடைய வில்லை, கற்பூர வில்லையிலும் பழைய அரசாங்கக் கச்சேரிச் சேவகனின் மார்பு வில்லையிலும் வரும் அதே வில்லை. தட்டையான, வட்டமான சிறு பொருள் எதற்கும் பொருந்தும்.

இந்த வில்லை ஆயுள் முழுக்க வளர்கிறது. புதிய இழைகள் வெங்காயத் தோல் போல மேலே மேலே படியும், பழையவை உதிர்வதில்லை. நடுவில் இருப்பவை நாம் கருவில் இருந்தபோது உண்டானவை. வயது ஏற ஏற அது கனத்து, இறுகுகிறது. தசை சுருங்கத்தான் செய்கிறது, வில்லைதான் உப்ப மறுக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு 7, 8 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரிவது, அறுபது வயதில் கண்ணாடி இல்லாமல் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குத் தள்ளிப்போய்விடும்.

இதைத் தூரப்பார்வை என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூடாது. தூரப்பார்வையில் பெரும்பாலும் கண்கோளமே குட்டை. சிறு பிள்ளைக்கும் இருக்கலாம். இரண்டுக்கும் பிளஸ் கண்ணாடி கொடுப்பதால் வந்த குழப்பம் இது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை: பலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே படித்துக்கொள்வார்கள்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தால் ஒன்று புரியும். சுளகு மடியில் இருக்கிறது; கண்ணுக்கும் இலைக்கும் இடையே ஒரு முழத்துக்குக் குறையாது. அதனால் நாற்பத்தைந்திலும் விரல் ஓட்டம் குறையாமல் இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றிவிடலாம். குட்டு வெளிப்படுவது ஊசியில் நூல் கோக்கும்போதுதான். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியைத் தூக்கிப் பிடித்து, அப்புறம் “ஏல, இதைக் கோத்துக் குடு” என்று பேரனைக் கூப்பிடுவார்கள். அதே ஊசியை வாசல் வெயிலில் கொண்டுபோனால் சில சமயம் தானே கோக்க வந்துவிடும். வெயிலில் பாப்பா சுருங்கிச் சிறு துளையாகிறது. துளை சிறுத்தால் கலங்கலும் குறையும். மங்கலான விளக்கில் இதற்கு நேர்மாறு.

எழுபது வயதில் ஓர் ஆச்சி திடீரென்று கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படிக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். வெள்ளெழுத்து போய்விடவில்லை. புரை விழத் தொடங்கி வில்லையின் நடுப்பகுதி அடர்ந்ததால் வந்த கிட்டப்பார்வையாக இருக்கலாம். தூரத்தில் பஸ் போர்டு மங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள், கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். அறுவையில் புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். வழக்கமாக வைக்கும் ஒற்றைக் குவிய வில்லை உப்பாது, தட்டையாகாது. தூரத்துக்குக் கணக்கிட்டு அதை வைத்தால், படிக்கக் கண்ணாடி மறுபடி வேண்டும்.